சிறு சிவப்புக் கறை

என் அறை ஜன்னலோரத்து ஆணியில் ஒரு பைனாகுலர் தொங்குகிறது. கறுப்பு ரப்பர் உறை. தோள்வார் ஒரு பக்கம் நைந்திருக்கும். வலது கண் வைக்கும் குழலைச் சுற்றி அதற்கு ஒரு வளையம் உண்டு. இரண்டு கண்ணிலும் பார்வை ஒன்றுபோல இல்லாதவர்கள் அந்த வளையத்தைத் திருப்பித் தங்களுக்கு ஏற்றபடி வைத்துக்கொள்ளலாம். அந்த வளையத்தின் நடுக்கோடு நிற்க வேண்டிய இடத்தைக் காட்டி, குழலின் மேல், கடுகைவிடச் சிறியதாக, சிவப்பாக ஒரு புள்ளி இருக்கிறது. நகப்பூச்சால் வைத்தது. பூச்சு தென்காசிக் கண்ணாடிக்கடைக்காரரின் மனைவியுடையது, வைத்த கை கடைக்காரருடையது, பார்வை என்னுடையது. நான் சார்பதிவாளராக இருந்து ஓய்வு பெற்றவன். ஒரு பொருளில் யாருக்கு எவ்வளவு பாத்தியதை என்று பிரித்து எழுதாவிட்டால் எனக்கு நிம்மதி கிடையாது.

ஓய்வுக்குப் பின் இலஞ்சிக்கு வந்து சேர்ந்ததும் பறவை பார்க்கும் பழக்கம் என்னைப் பிடித்துக்கொண்டது. ஓய்வு பெற்ற அதிகாரியைக் கண்டால் எழுந்து நிற்க யாரும் இல்லை. நாரைகள் எப்போதும் நின்றுகொண்டே இருப்பவை; அது ஓர் ஆறுதல். படிக்கிற கண்ணாடி மாற்றுவதற்காகத் தென்காசியில் கோயிலுக்குப் பக்கத்துத் தெருவில் இருந்த கண்ணாடிக்கடைக்குப் போனபோது பேச்சுவாக்கில் கடைக்காரரிடம் இதைச் சொன்னேன். என்னைவிட நாலைந்து வயது இளையவர். கண்ணைச் சோதிக்கும்போது மூச்சைப் பிடித்துக்கொண்டு வேலை செய்வார். சோதனை முடிந்ததும் ஒரு பெருமூச்சு விட்டு, நம் கண்ணைப் பற்றி ஏதாவது குறை சொல்வார்.

"பைனாகுலர வச்சு என்னத்தப் பாக்கிய, ஆபீசர் அண்ணாச்சி?"

"பறவை."

"அது நம்ம வாசல்லயே நிக்குமே."

"அது காக்கா."

சிரித்தார். அடுத்த மாதமே மதுரையிலிருந்து ஒரு பைனாகுலரைத் தருவித்து, விலைச்சீட்டோடு கடைச் சுவரில் மாட்டிவிட்டார். நான் போய் நின்றதும் அதை என் கண்ணில் வைத்து, கடைவாசலிலிருந்து கோபுரத்தைப் பார்க்கச் சொன்னார். எனக்குப் பின்னால் நின்றுகொண்டு வளையத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பினார். "ஒங்களுக்கு ரெண்டு கண்ணும் ஒண்ணு போல இல்ல. வலது கொஞ்சம் சண்டி. இப்பம்?" என்றார். புறா தெரிகிறது என்றேன். எத்தனை என்று கேட்டார். ஒன்பது என்றேன். "அப்ப இதான் ஒங்க எடம்" என்று சொல்லிவிட்டு, கடைக்குப் பின்னால் இருந்த வீட்டைப் பார்த்து, "ஏட்டி, நகத்துல போடுத செவப்ப எடுத்துட்டு வா" என்று குரல் கொடுத்தார். புள்ளி வைத்தார். காயும்வரை ஊதினார்.

சனிக்கிழமை மாலை நான் அதை எடுத்துக்கொண்டு போவேன். ஞாயிறு காலை குளத்தங்கரை. திங்கள் காலை திரும்பக் கொண்டுவந்து அதே ஆணியில் மாட்டுவேன். முதல் தடவை எடுத்தபோதே, ஒரு நோட்டுப் போட்டு எடுத்த நேரம், வைத்த நேரம் எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள் என்று சொன்னேன். சொந்த அண்ணன் தம்பிகளையே இரண்டு சாட்சியும் அடையாள அட்டையும் இல்லாமல் பதிவு அலுவலகத்துக்குள் விடாதவன் நான். "எதுக்கு அண்ணாச்சி நோட்டு? நீங்க எங்க போயிருவிய?" என்றார் அவர். என் வாழ்க்கையில் பதிவேடு இல்லாமல் நடந்த ஒரே கொடுக்கல் வாங்கல் அதுதான். மூன்று ஆண்டுகள் நடந்தது. அதைப் பற்றி எனக்கு ரகசியமாக ஒரு பெருமை இருந்தது என்பதை இப்போது ஒப்புக்கொள்கிறேன்.

குளத்தங்கரையில் என்னோடு சேர்ந்துகொண்ட ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம் மெல்லப் பெருகிப் பதினெட்டுப் பேர் ஆனது. ஆள் சேர்ந்தால் சங்கம், சங்கம் என்றால் செயலாளர். கூட்டக் குறிப்பு எழுதத் தெரிந்தவன் நான் ஒருவன்தான். பொருளாளர் கல்லூரியில் பொருளாதாரம் கற்பிப்பவர். எங்கள் அத்தனை பேருக்கும் பறவை காட்டியது கடைக்காரரின் அந்த ஒரே பைனாகுலர்தான். கழுத்து மாறிக் கழுத்து போகும். ஒவ்வொருவரும் வளையத்தைத் தம் வசதிக்குத் திருப்புவார்கள். என்னிடம் வந்ததும் நான் புள்ளிக்குத் திருப்பிக்கொள்வேன். குளத்துக்குக் கூழைக்கடாக்கள் வந்திறங்கிய அன்று அதை எங்களுக்குள் பிடுங்காத குறைதான்.

அந்த வாரம் நான் ஒரு தீர்மானம் எழுதினேன். சங்க உறுப்பினர்கள் தங்களுக்கு வேண்டிய கருவிகளை உள்ளூர்க் கடையிலேயே வாங்கி அதை ஆதரிப்பது என்று ஏகமனதாகத் தீர்மானிக்கப்பட்டது. முன்மொழிந்தவர் பொருளாளர். பதினெட்டுப் பேரும் கையெழுத்திட்டார்கள். நகலை நானே கடைக்காரரிடம் கொடுத்து, துணிந்து ஆறு வாங்கிப் போடும்படி சொன்னேன். அவர் தாளை இரண்டு முறை படித்தார். "இவ்வளவு பேரு கையெழுத்தா?" என்றார். மனைவியின் வளையலை அடகு வைத்து ஆறு பைனாகுலர் வாங்கினார். அந்த வளையல் விவரம் எனக்கு வெகுநாள் கழித்துத்தான் தெரிய வந்தது.

இரண்டு விற்றன. நாலு விற்கவில்லை. ஆனால் குளத்தங்கரையில் புதிய பைனாகுலர்கள் முளைத்துக்கொண்டே இருந்தன. ஒரு ஞாயிறு பொருளாளரின் கழுத்திலேயே ஒன்று தொங்கியது.

"எங்கவே வாங்கினீரு?"

"ஆன்லைன்ல அண்ணாச்சி. வெல கம்மி. புடிக்கலன்னா பத்து நாள்ல திருப்பி அனுப்பிரலாம். ஒங்க கடைக்காரரு திருப்பி எடுப்பாராக்கும்?"

"ஒன்றர வருசமா அவரு சாமானக் கழுத்துல போட்டுத்தானவே பாத்தீரு?"

"ஆமா. அதுனாலதான எத வாங்கணும்னு தெரிஞ்சுது."

குற்ற உணர்வே இல்லாத முகம். தீர்மானத்தை முன்மொழிந்தவர் அவர்தான் என்று நினைவூட்டினேன். தீர்மானம் வேறு, சந்தை வேறு என்று வகுப்பு எடுக்கத் தொடங்கினார். பக்கத்தில் நின்ற நாலு பேர் தங்கள் புதுப் பைனாகுலரைச் சட்டைக்குள் விட்டுக்கொண்டு நாமக்கோழியைத் தேடினார்கள். அன்று நான் நாரையைப் பார்க்கவில்லை, இவர்களைத்தான் பார்த்தேன். பதிவு அலுவலகத்தில், கிரயம் எழுதிக் கொடுத்த மறுநாளே அதே நிலத்தை இன்னொருவருக்கு எழுதிக் கொடுக்க வருபவர்களின் முகம் இப்படித்தான் சாந்தமாக இருக்கும்.

சாரல் காலம் வந்தது. குற்றாலத்தில் மலைச்சரிவில் இருவாச்சி பார்க்கப் போய் எல்லோரும் நனைந்தோம். ஈரம் புகுந்து லென்சுக்குள் வெள்ளை வெள்ளையாகப் பூசணம் பிடித்தது. திருப்பி அனுப்பும் பத்து நாள் எப்போதோ முடிந்திருந்தது. எங்கே கொண்டுபோனார்கள் என்று கேட்க வேண்டியதில்லை. கடைக்காரரின் மேசையில் ஏழு பைனாகுலர்கள் வரிசையாக இருந்தன, ஒவ்வொன்றிலும் பெயர் எழுதிய ஒரு துண்டுச்சீட்டோடு. ஏழும் அவர் விற்றதல்ல. ஏழு பெயரும் அந்தத் தீர்மானத்தின் அடியில் இருந்த பெயர்கள். மூச்சைப் பிடித்துக்கொண்டு ஒன்றைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"வெக்கமில்லாம வந்து குடுத்தானுவளா? நீங்களும் வாங்கி வச்சியளா?" என்று நான் கொதித்தேன்.

"கண்ணாடி என்ன பாவம் பண்ணுச்சு அண்ணாச்சி?" என்றார். அவ்வளவுதான். சுவரில் விற்காத நாலும் பெட்டி பிரிக்காமல் இருந்தன. பக்கத்து ஆணியில் அந்தப் புள்ளி வைத்த பைனாகுலர், விலைச்சீட்டோடு. அன்று சனிக்கிழமை. பேசி முடித்துவிட்டு வழக்கம்போல் அதைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு வந்தேன். அடுத்த கூட்டத்தில் அரை மணி நேரம் பேசினேன். துரோகம் என்ற சொல்லைப் பயன்படுத்தினேன். குறிப்பிலும் ஏற்றினேன்.

அதற்குப் பிறகு இரண்டு மாதம் கழித்து ஒரு சனிக்கிழமை போனபோது ஆணி வெறுமையாக இருந்தது. "சர்வீசுக்குப் போயிருக்கு" என்றார் கடைக்காரர். அடுத்த சனிக்கிழமையும் அதே பதில்தான்; இரண்டு தடவையும் அது என் முகத்தைப் பார்க்காமல் வந்தது. மறுநாள் குளத்தங்கரையில் பொருளாளர் தன் போனை நீட்டினார். "அண்ணாச்சி, இது நம்ம சாமான் மாதிரி இல்ல?"

விற்பனைத் தளத்தில் ஒரு படம். விற்பவர் பெயர் ஏதோ நாகரிகமான கம்பெனிப் பெயர், ஊர் தென்காசி. நைந்த தோள்வார். படத்தைப் பெரிதாக்கினால் அந்தப் புள்ளி. கீழே ஆங்கிலத்தில் விவரம் போட்டிருந்தது: பயன்படுத்தியது, லென்ஸ் சுத்தமானது, வலது குழலில் சிறு சிவப்புக் கறை, உபயோகத்தைப் பாதிக்காது.

கறை என்றிருந்தது. மற்றதையெல்லாம் நான் தாங்கியிருப்பேன்.

பக்கத்து ஊரில் இருக்கும் கடைக்கு ஒரு நடை போயிருக்கலாம், போனில் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். நான் ஆதாரம் இல்லாமல் விசாரணைக்குப் போகிறவன் இல்லை. பொருளை வாங்கிவிட்டால் அனுப்புநர் முகவரி அச்சடித்து வரும். அதைவிட உறுதியான ஆவணம் கிடையாது. மனைவியின் போனில் மூன்று தடவை கடவு எண் தவறி, நாலாவது தடவையில் என் வாழ்நாளின் முதல் ஆன்லைன் கொள்முதலைச் செய்து முடித்தேன். தென்காசியில் கிளம்பிய பைனாகுலர் திருநெல்வேலி போனது, மதுரை போனது, அங்கே ஒரு நாள் ஓய்வெடுத்தது, மறுபடி திருநெல்வேலி, மறுபடி தென்காசி, பிறகு இலஞ்சி. நாலு நாள். ஐந்தாறு கிலோமீட்டர் தூரத்துக்கு.

பிரித்தேன். முகவரிச் சீட்டில் அந்தத் தெருவின் பெயர் இருந்தது. ஆவணம் கைக்கு வந்துவிட்டது. சரிபார்க்கலாம் என்று கண்ணில் வைத்தேன். முற்றத்துத் தென்னையில் ஓர் அணில், மீசை மீசையாகத் தெளிவாகத் தெரிந்தது. வளையத்தை நான் தொடவே இல்லை. எடுத்துப் பார்த்தேன். அது சரியாகப் புள்ளியில் நின்றது. படத்தில் அப்படி நிற்கவில்லை. பெட்டியில் என் பெயரை எழுதிய பிறகு, மூடுவதற்கு முன்னால், ஒரு கை அதைத் திருப்பி வைத்திருக்கிறது.

அன்றைக்கே பெட்டியோடு கடைக்குப் போனேன்.

"நல்லபடியா வந்துச்சா? ரெண்டு சுத்து கூடுதலா சுத்திப் பேக் பண்ணுனேன்" என்றார்.

"சர்வீசுக்குப் போயிருக்குன்னு சொன்னிய."

"சொன்னேன்."

"எங்கிட்டயா பொய்?"

"வேற யாருட்ட சொல்ல அண்ணாச்சி? வேற யாரும் வந்து கேக்கலயே."

"விக்கதுன்னா எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லிருக்கலாம்லா? நானே வாங்கிருப்பேன்லா?"

கையிலிருந்த துணியை மடித்து வைத்தார். "மூணு வருசமா இங்கனதான தொங்குச்சு. விலைச்சீட்டோட." வெறும் ஆணியைக் காட்டினார். "அந்த நாலையும் போன்ல போட்டேன். ஒரே வாரத்துல போயிருச்சு. அசாம்ல ஒருத்தரு, குஜராத்துல ஒருத்தரு. ஒருத்தரும் கண்ணுல வச்சுப் பாக்கல. கடையில வச்சா தொட்டுப் பாக்கிய, போன்ல போட்டா வாங்குதிய. நான் என்ன செய்ய?"

"பேரப் பாத்ததும் எனக்கு ஒரு போன் பண்ணிருக்கலாம்லா?"

"நீங்க பண்ணுனியளா?"

நான் கடைசியாக அதைக் கேட்டேன். கறை என்று ஏன் போட்டீர்கள் என்று.

"வாங்குதவனுக்கு அது கறதானே. மொதல்லயே சொல்லலன்னா திருப்பி அனுப்பிருவான். ஸ்பிரிட்டத் தொட்டு அழிச்சா ஒரு நிமிச வேல. அழிச்சிருவோம்னுதான் எடுத்தேன்…" மடித்த துணியை மறுபடி விரித்தார். பிறகு குரலை மாற்றிக்கொண்டு சொன்னார்: "ஆனா சந்தோசம். தீர்மானத்துல கையெழுத்துப் போட்ட ஆபீசர் அண்ணாச்சியும் கடசியில நம்மகிட்ட வாங்கிட்டிய."

தீர்மானத்தில் பதினெட்டுக் கையெழுத்து. மற்ற பதினேழையும் நான் ஒவ்வொன்றாகச் சரிபார்த்திருந்தேன்.

பொழுதுபோக்குக்காரர்கள் உள்ளூர்க் கடையை ஆதரிக்க வேண்டுமா என்று இன்றைக்குக் கேட்டாலும் வேண்டும் என்று அரை மணி நேரம் பேசுவேன். லென்சில் பூசணம் பிடித்தால் எந்தத் தளமும் மூச்சைப் பிடித்துக்கொண்டு துடைத்துத் தராது. வாதம் முழுக்கச் சரி. அதை எழுதிக் கொடுத்தவன் மூன்று வருடம் இரவல் வாங்கினான் என்பதால் அது தவறாகிவிடாது. அதேபோல, நான் வாங்கவில்லை என்பதால் அவர் சொன்ன பொய்யும் மெய்யாகிவிடாது. பொருளாளர் செய்ததை ஒரு வாரத்தில் மறந்துவிட்டேன். அவரோடு இன்றும் குளத்தங்கரையில் தேநீர் குடிக்கிறேன். நோட்டுப் போடாமல் நம்பிய ஒரு மனிதர், என் கண்ணைப் பார்க்காமல் இரண்டு சனிக்கிழமை பொய் சொன்னார் என்பது மட்டும் ஆறவில்லை. அவருக்கும் என்னைப் பற்றி ஆறாமல் ஏதோ இருக்கும். கேட்டுக்கொள்ளவில்லை.

போன வருடம் என் வலது கண்ணில் புரை எடுத்தார்கள். பார்வை மாறிவிட்டது. வளையம் புள்ளியில் நின்றால் இப்போது வாய்க்கால் கரைக் கொக்கு கலங்கித் தெரிகிறது. இரண்டு கோடு இடப்பக்கம் தள்ளினால்தான் அதற்குக் கால் இருப்பதே புலப்படுகிறது. புதிய இடம் பார்த்துப் புள்ளி வைக்க வேண்டியவர் அதே தெருவில் அதே கடையில்தான் இருக்கிறார். பேருந்தில் கால் மணி நேரம். போகவில்லை. நகப்பூச்சு எங்கள் வீட்டிலும் இருக்கிறது. வைத்துக்கொள்ளவில்லை. காலையில் வளையத்தைத் தள்ளி வைத்துக் கொக்கைப் பார்க்கிறேன். பார்த்து முடித்ததும் பழைய புள்ளிக்கே திருப்பி வைத்து, ஆணியில் மாட்டுகிறேன்.