தெருமுனையில் அப்பாவின் மெத்தை

மணலி ஆலையிலிருந்து ஓய்வு பெற்றபின் அப்பா வீட்டை விட்டு அதிகம் வெளியே போவதில்லை. அவருக்குப் புது மெத்தை வாங்கியதும், பழைய தென்னைநார் மெத்தையைத் திருவொற்றியூரில் எங்கள் தெருமுனை விளக்குக் கம்பத்தில் சாய்த்து வைத்தேன். கிழியாத மெத்தை, வேண்டியவர்கள் எடுத்துக்கொள்ளட்டும் என்று நினைத்தேன்.

கால் உடைந்த பிளாஸ்டிக் நாற்காலியைக்கூட விட்டுவைக்காத தெரு அது. ஆனால் மதியம்வரை மெத்தையை ஒருவரும் தொடவில்லை. எரிச்சலோடு பால்கனியில் நின்று கவனித்தேன். வருகிறவர்கள் மெத்தையைப் பார்த்தார்கள், எங்கள் வீட்டை நிமிர்ந்து பார்த்தார்கள், நடையை வேகமாக்கினார்கள். அப்படி என்னதான் குறை அதில்?

கடைசியில் எதிர்வீட்டு இட்லிக்கடை அம்மா மேலே வந்து, தாழ்ந்த குரலில் கேட்டார்.

“நைனா எப்போப்பா போனாரு? ஒரு வார்த்தை சொல்லலியே.”

அப்போதுதான் எனக்கு உறைத்தது. எங்கள் பக்கம் யாராவது இறந்தால்தான் அவர் படுத்த மெத்தை தெருமுனைக்குப் போகும்.

உள்ளேயிருந்து அப்பா டீ கிளாஸோடு வந்தார். “இங்கதாம்மா கீறேன்” என்று சொல்லிவிட்டு விறுவிறுவென்று கீழே இறங்கினார். மெத்தையைத் தரையில் கிடத்தி, அதன்மேல் உட்கார்ந்துகொண்டார். போகிறவர் வருகிறவர் எல்லாம் நின்று அவரிடம் பேசினார்கள். சற்று நேரத்தில் மீன்வண்டி ஓட்டும் ஒருவர், மெத்தையைத் தான் எடுத்துக்கொள்வதாகச் சொன்னார்.

அப்பா எழுந்திருக்கவில்லை.

“எடுத்துக்கோப்பா. ஆனா சாயந்தரமா வா,” என்றார். “நான் உயிரோட கீறேனான்னு இன்னிக்குத்தான் எல்லாரும் கேட்டுகினு போறாங்க.”