ஒழுக்குத் தேடிய சிவபாதம் அண்ணன்

போனில் சிவபாதம் அண்ணன் பெயர் வந்ததும் சண்டை போடத்தான் எடுத்தேன். அன்றைக்குக் காலையில் அந்த வெள்ளைக் கேரவன் மறுபடியும் நனைந்து வந்திருந்தது. மெத்தையை இழுத்து யார்டு வேலியில் போட்டுவிட்டு, எரிச்சலில் நின்றிருந்தேன். "என்னாண்ணே, லீவுல போயி நல்லா தூங்குறீங்களா? இங்க உங்க ஜன்னல் என்னா செஞ்சி வச்சிருக்குன்னு தெரியுமா?" என்று கேட்டுவிட்டேன். அந்தப் பக்கமிருந்து ஒரு பெண் குரல் வந்தது. "தங்கச்சி, நான் அவரின்ரை மனுசி கதைக்கிறன். விடிய எழும்பிக் கிணத்தடிக்குப் போனவர், அங்கேயே விழுந்திட்டார். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக முதலே முடிஞ்சுது."

நான் என்ன பதில் சொன்னேன் என்று எனக்கு ஞாபகம் இல்லை. அண்ணனுடைய மனைவி, அந்த அக்காவுக்கு ஞாபகம் இருந்தால் மன்னிக்கட்டும்.

அதே அக்காதான் முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்கு அச்சடிக்கும் நினைவு மலருக்கு என்னையும் எழுதச் சொன்னார். வாசிக்கிற உங்களுக்கு அவர் மாமா, சித்தப்பா, அயலவர். எனக்கு அவர் ஷார்ஜாவில் ஒரே யார்டில் வேலை பார்த்தவர். நான் மலையகத்தில் ஹட்டன் பக்கத்துத் தேயிலைத் தோட்டப் பள்ளிக்கூடத்தில் கொஞ்சம் படித்தவள். பிழை இருந்தால் அச்சடிக்கிறவர்கள் திருத்திக்கொள்ளட்டும். சொல்வதை மட்டும் மாற்ற வேண்டாம்.

எங்கள் யார்டில் வாடகைக்கு விடும் கேரவன்கள் நிற்கின்றன. குளிர் காலம் வந்தால் இந்த ஊர்க் குடும்பங்கள் அதை வண்டிக்குப் பின்னால் கட்டி இழுத்துக்கொண்டு பாலைவனத்துக்கோ கடற்கரைக்கோ போவார்கள். கட்டில், அடுப்பு, குளியலறை எல்லாம் உள்ளே இருக்கும். திரும்பி வந்ததும் கழுவித் துடைத்து மெத்தை விரிப்பது என் வேலை. உடைந்ததைச் சரி செய்வது அண்ணன் வேலை. உடைந்தது என்றால் பெரும்பாலும் ஒழுக்குதான். வெயிலில் கூரைப் பசை பிஸ்கட் மாதிரி வெடித்துவிடும். எங்கேயோ ஒரு ஆணி ஓட்டையில் தண்ணீர் இறங்கும்.

முதல் நாளே என்னை ஏசினார். நான் பிரஷர் பைப்பைப் பிடித்துக் கூரையில் இருக்கிற காற்றுப் பெட்டிக்குள் நேராக அடித்துக்கொண்டிருந்தேன். கீழே இருந்து ஒரே கத்தல்.

"நிப்பாட்டு, நிப்பாட்டு! ஆர் பிள்ளை நீ? கேரவனைக் கழுவுறியோ, தாக்குறியோ?"

"மேல ஒரே மண்ணுங்க. அடிச்சாத்தானே போகும்."

"மண் போகும், ஓம். தண்ணி உள்ள போகும். பிறகு நான் ஒரு கிழமை தேடோணும். மழையிலகூட இப்பிடி ஒழுகாது."

"அப்ப நீங்களே ஏறிக் கழுவுங்க" என்று பைப்பைக் கீழே போட்டேன். அவர் நிஜமாகவே ஏறிக் கழுவினார். இறங்கி வந்து, "உங்கட ஊர்ப் பொம்பிளையளுக்கு வாய் கொஞ்சம் கூட" என்றார். "எங்க ஊரு மழையில நின்னு பாருங்க, அப்ப தெரியும்" என்றேன். அதற்குப் பிறகு நாங்கள் சண்டை போடாத நாள் குறைவு.

தொழிலாளர் தங்குகிற கேம்ப் அறையில் அவர் படத்துக்கு மாலை போட்டுப் பேசினவர்கள் எல்லாரும் அவரைப் பொறுமைசாலி என்றார்கள். எனக்குக் கேட்க எரிச்சலாக இருந்தது. அவருக்குப் பொறுமையே கிடையாது. தேடும்போது யார் பேசினாலும் எரிந்து விழுவார். ஏசியை நிறுத்திவிட்டு, கதவைச் சாத்திக்கொண்டு, உள்ளே உட்கார்ந்து காதைச் சுவரில் வைத்துக் கேட்பார். நான் வெளியே ஏணியில் நின்று பைப்பைப் பிடிக்க வேண்டும். "மெல்ல. இன்னும் மெல்ல. அந்த மூலையை விட்டிட்டுப் போறாய், திரும்பி வா" என்று உள்ளே இருந்து அதிகாரம் வரும். வெளியே வரும்போது இட்லிச் சட்டியில் வெந்தவர் மாதிரி இருப்பார். அது பொறுமை இல்லை. விடாப்பிடி.

சிலிக்கான் பசையைக் கண்டால் அவருக்கு ஆகாது. மேனேஜர் வட இந்தியாக்காரர், எப்போதும் அவசரம். "பாய், ஜல்தி. சுத்தி சிலிக்கான் போடு, கலாஸ்" என்பார், சீக்கிரம் பூசி முடி என்று. அண்ணன் கையைக் கட்டிக்கொண்டு நிற்பார். பிறகு என்னிடம், "பூசினா ஒழுக்கு நிக்காது பிள்ளை. எங்கயெண்டு எனக்குத் தெரியாமல் போகும், அவ்வளவுதான்" என்பார். ஒருமுறை கதவுக்கு மேலே இருக்கிற விளக்கில் சொட்டியது. எல்லாரும் விளக்கைப் பிடுங்கச் சொன்னார்கள். அவர் கூரைப் பலகையைக் கழற்றி, வயரைத் தடவிக்கொண்டே போய், பின்பக்க ஏணி ஆணியில் ஓட்டையைக் கண்டுபிடித்தார். தண்ணீர் அந்த வயரைப் பிடித்துக்கொண்டு கேரவன் நீளத்துக்கும் நடந்து வந்திருக்கிறது. "சொட்டுற இடத்தில தேடுறவன் சொட்டுற இடத்திலேயே நிப்பான்" என்றார். அன்றைக்கு முழுக்க அவரோடு பேச முடியவில்லை, அவ்வளவு பெருமை.

ஆனால் நான் எழுத வந்தது வெள்ளைக் கேரவனைப் பற்றி.

இந்தக் குளிர் தொடங்கியபோது அது ஒரு குடும்பத்தோடு போய்வந்தது. சாவியைக் கொடுக்க வந்த அரபிப் பெண் கோபமாக இருந்தாள். முன்பக்கக் கட்டில் மெத்தையைத் தூக்கினால் அடியில் ஈரம், பிள்ளைகள் படுக்க முடியவில்லை, நனைந்த மெத்தையைக் கொடுத்திருக்கிறீர்கள் என்றாள். மேனேஜர் என்னைக் கூப்பிட்டார். கழுவின மெத்தையை நான் காயாமல் போட்டுவிட்டதாகச் சொன்னார். நான் காய வைத்தேன் என்றேன். "அப்ப தண்ணி எங்கேர்ந்து வந்தது, வானத்துலேர்ந்தா?" என்றார். அடுத்த முறையும் அப்படியே நனைந்து வந்தது. அதற்கடுத்த முறையும். யார்டில் நிற்கும்போது ஒரு சொட்டு இல்லை. வெளியே போய் வந்தால் மெத்தையைப் பிழியலாம்.

எனக்கு விசா முடிகிற நேரம். புதுப்பிக்க மேனேஜர் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். என் இரண்டு பிள்ளைகளும் அம்மாவிடம் இருக்கிறார்கள், நான் அனுப்புவதில்தான் அங்கே அடுப்பு எரிகிறது. "இன்னும் ஒரு கம்ப்ளெயின்ட் வந்தா விசா மாஃபி, கிடையாது" என்று மேனேஜர் எல்லாருக்கும் முன்னால் சொல்லிவிட்டார்.

அண்ணன் அவர் முன்னால் போய் நின்றார். தன்னுடைய உடைந்த ஹிந்தியில், "எங்கேர்ந்து வருதுன்னு எனக்குத் தெரியாது, சார். ஆனா இந்தப் பொண்ணு இல்ல" என்றார்.

"தெரியாதுன்னா எப்படி இவ இல்லன்னு சொல்ற?"

"இவ காயப்போடுறத நான் தினம் பாக்கிறேன். தண்ணியைத்தான் இன்னும் பாக்கல."

இந்த நாட்டில் வேலை செய்கிறவன் மேலதிகாரியிடம் தெரியாது என்று சொல்ல மாட்டான். ஆச்சு சார், முடிஞ்சுது சார் என்றுதான் சொல்வான். அண்ணன் தெரியாது என்று சொன்னார், அதுவும் எனக்காக. மேனேஜர் முகம் சிவந்து போனது. தேடட்டும் என்று விட்டார்.

தேடினார். அந்தக் கட்டிலுக்கு அடியில்தான் தண்ணீர் டேங்க் இருக்கிறது. முதலில் அதைத்தான் சந்தேகப்பட்டார். என் சாப்பாட்டுக் கூடையில் இருந்த மஞ்சள் தூளைக் கேட்காமல் எடுத்து, கரைத்து, டேங்கில் ஊற்றிவிட்டார். டேங்க் ஒழுகினால் கட்டிலுக்கடியில் மஞ்சள் தெரியுமாம். நாள் முழுக்கப் பார்த்தோம். கட்டிலுக்கடியில் ஒன்றும் இல்லை. குளியலறை, பாத்திரம் கழுவும் தொட்டி எல்லாம் மஞ்சளாகிவிட்டது. யார் தேய்த்தது? நான்தான்.

"டேங்க் இல்லை. அப்ப ஜன்னல்தான்" என்று முடிவு கட்டினார்.

"மழையே பேயாத ஊர்ல ஜன்னல்ல எப்புடிண்ணே தண்ணி வரும்?"

"பனி பெய்யுதெல்லோ. கடற்கரையில விடியக் கண்ணாடியைப் பார், வடியும்."

"பனி பேஞ்சி மெத்தையைப் பிழியிற அளவுக்கு நனையுமா? எங்க ஊர்ல பேயாத பனியா?"

"உன்ரை ஊரில கேரவன் இருக்கோ? இல்லையெல்லோ. பேசாமல் இரு."

முன் ஜன்னலை முழுதாகக் கழற்றினார். பழைய ரப்பரைப் பிடுங்கிப் புது ரப்பர் போட்டார். நான் பைப்பைப் பிடித்தேன், உள்ளே ஒரு சொட்டு வரவில்லை. என்னைப் பார்த்து ஒரு சிரிப்பு சிரித்தார். அந்தச் சிரிப்பை நினைத்தால் இப்போதும் கோபம் வருகிறது. அடுத்த சவாரியில் மெத்தை நனைந்துதான் வந்தது. மறுபடி கழற்றினார், மறுபடி பூட்டினார். நான் ஜன்னல் இல்லை, ஜன்னல் இல்லை என்று சொல்லிக்கொண்டே இருந்தேன். வேறு எது என்று கேட்டால் எனக்கும் சொல்லத் தெரியவில்லை. இரண்டு பேரும் மூஞ்சியைத் தூக்கிக்கொண்டு ஒரு ஜன்னலைச் சுற்றிக் கிடந்தோம்.

அந்த நேரத்தில்தான் பேத்தி பிறந்த சேதி வந்து, அவர் ஊருக்குப் போக லீவு கேட்டார். சீசன் நடுவில் லீவா என்று மேனேஜர் குதித்தார். போகிற நாளில் அண்ணன் என்னிடம், "வந்து அந்த ஜன்னல் சட்டத்தையும் மாத்தினா சரி. அதுவரைக்கும் ஒருத்தனையும் பசை பூச விடாதை" என்றார். "வாங்க, வந்து பாருங்க, அப்பவும் ஜன்னல் இல்லதான்" என்றேன். நாங்கள் கடைசியாகப் பேசினது இதுதான். இதைவிட நல்லதாக ஒன்றும் பேசவில்லை.

அண்ணன் இறந்த சேதி வந்த வாரமே மேனேஜர் வேறொரு ஆளைக் கூட்டிவந்து, ஜன்னலைச் சுற்றி விரல் தடிமனுக்குச் சிலிக்கான் பூச வைத்தார். நான் வேண்டாம் என்று தடுத்துப் பார்த்தேன். "சிவபாதம் போயாச்சு. உனக்கு இப்ப யார் பேசுவா?" என்று கேட்டார். அவர் சொன்னது உண்மையாக இருந்தது.

பிறகு ஒரு வெள்ளிக்கிழமை. வெள்ளைக் கேரவனை வாடகைக்கு எடுக்க ஆள் வந்து காத்திருக்கிறான், அவசரம். வழக்கமாக நான் விரிப்புப் போட்டுக் கதவைச் சாத்தின பிறகுதான் டேங்கை நிரப்பி கேட்டுக்கு இழுப்பார்கள். அன்றைக்கு டேங்கை முதலிலேயே வாய் வரை நிரப்பிவிட்டார்கள். பாலைவனத்தில் தண்ணீர் கிடைக்காது என்று இங்கே எல்லாரும் அப்படித்தான் நிரப்பிக்கொண்டு போவார்கள். நான் உள்ளே முன்கட்டிலில் முழங்கால் போட்டு விரிப்பைச் செருகிக்கொண்டிருந்தேன். டிரைவர் ஹக்கீம் பாய்க்கு அது தெரியாது, வண்டியை எடுத்துவிட்டார். கேட் அருகில் எதிரே சாமான் தூக்கும் ஃபோர்க்லிஃப்ட் வர, சடாரென்று பிரேக் போட்டார். நான் முன்னால் போய் விழுந்தேன். கட்டிலுக்கடியில் டேங்க் தண்ணீர் ஒரு அலை மாதிரி மோதுகிற சத்தம். அடுத்த நொடி பலகை இடுக்கு வழியாகத் தண்ணீர் பீச்சி என் முழங்காலில் அடித்தது.

டேங்கின் மேல்மூடியில் குழாய் சேருகிற இடம் தளர்ந்திருந்தது. வாய் வரை நிரப்பினாலும், நிற்கும்போது தண்ணீர் அந்த உயரத்துக்கு வராது. ஓடும்போது, பிரேக் போடும்போது எல்லாம் ஏறி அடிக்கும். நாங்கள் ஒருநாளும் அதை ஓட வைத்துப் பார்க்கவில்லை. நிற்கிற கேரவனில் மஞ்சளைக் கரைத்துவிட்டு உட்கார்ந்து பார்த்தோம்.

"அண்ணே! அண்ணே, இங்க பாருங்க!" என்று கத்திவிட்டேன். ஹக்கீம் பாய் பயந்து ஓடிவந்தார். "என்ன ஆச்சு, தங்கச்சி? யாரைக் கூப்பிடுற?" என்றார். நனைந்த விரிப்பில் உட்கார்ந்து அழுதேன். அடிபட்டுவிட்டது என்று நினைத்து அவர் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். எனக்கு அப்போது தண்ணீரைப் பார்க்கவே பிடிக்கவில்லை.

மேனேஜர் வந்தார். பலகையைத் தூக்கிக் கையை விட்டுப் பார்த்தார். கை நனைந்தது. "அச்சா" என்றார். பிறகு, "சரி, கலாஸ், வேலையைப் பாருங்க" என்றார். உன்மேல் தப்பில்லை என்று ஒரு சொல் வரவில்லை. வாளியையும் துணியையும் எடுத்துக்கொண்டு போனேன். விசா மட்டும் புதுப்பித்துத் தந்தார்கள்.

அண்ணனுடைய பெட்டியைக் கேம்பில் இருந்தவர்கள் கட்டி ஊருக்கு அனுப்பிவிட்டார்கள். அவருடைய பொருள் எதுவும் என்னிடம் இல்லை, நான் கேட்கவும் இல்லை. ஒழுக்கு எங்கே என்று அவர் சொன்னது தப்பு. தப்பு செய்தது நான் இல்லை என்று அவர் சொன்னது சரி. கையில் ஆதாரம் ஒன்றும் இல்லாமல், தெரியாது என்று வாயால் சொல்லிக்கொண்டே எனக்காக நின்றார். இன்றைக்கு நான் இந்த யார்டில் நிற்பது அதனால்தான். அதை மட்டும் வைத்துக்கொள்கிறேன்.

ஆனாலும் கோபம் தீரவில்லை, அக்கா. இருந்திருந்தால் ஒத்துக்கொண்டிருக்கவே மாட்டார். "ஓம், டேங்க்தான். ஜன்னலும் கொஞ்சம் ஒழுகியிருக்கும்" என்றுதான் சொல்லியிருப்பார். அதற்கு என்ன திருப்பிச் சொல்வது என்று மெத்தை காயப்போடும்போதெல்லாம் ஒவ்வொன்றாக யோசித்து வைத்திருக்கிறேன். எல்லாம் நல்ல பதில்கள். ஒன்றைக்கூடச் சொல்ல விடாமல் போய்விட்டார்.