அந்த மாலிக்காரரின் பெயர்

பல்கலைக்கழகத்தில் பிரெஞ்சு மொழியும் அது பேசப்படும் ஆப்பிரிக்க நாடுகளின் பண்பாடும் படிக்கிறேன். வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கலுக்காகப் பாரிசிலிருந்து விசுவமடுவுக்கு, எங்கள் வீட்டுக்கு, வந்திருந்த மாமா சாப்பிடும்போது அதைக் கேட்டுச் சிரித்தார்.

“காப்பிலியளின்ர கதை படிக்கவோ பிள்ளை கம்பசுக்குப் போனனீ?”

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கறுப்பினத்தவரை இழிவாகச் சொல்லும் அந்தச் சொல் எங்கள் வீட்டில் யாருக்கும் உறுத்துவதில்லை.

“விசா இல்லாத காலத்தில ஆரோட இருந்தனீங்கள், மாமா?”

“ஒரு மாலி நாட்டுக்காரனோட. ரெஸ்ரோறன்ற் குசினியில என்னோட கோப்பை கழுவினவன். என்னைத் தன்ர அறையில வைச்சிருந்து, சமைச்சும் தந்தவன். நல்ல மனுசன்.”

“அவரின்ர பேரென்ன?”

மாமா சற்று யோசித்தார்.

“பேரோ? நாங்கள் காப்பிலி எண்டுதான் கூப்பிடுறனாங்கள்.”

எல்லோரும் சிரித்தார்கள். அம்மாவும் சிரித்தார். போர் முடிந்து முகாமில் இருந்தபோது தன்னைப் பெயர் சொல்லாமல் எண் சொல்லிக் கூப்பிட்டார்கள் என்று இன்றைக்கும் கொதிக்கிற அதே அம்மா.

பாதிச் சோற்றில் எழுந்து கை கழுவினேன். அந்தக் கோபம் இன்னும் ஆறவில்லை. பாரிசில் எங்கோ இருக்கும் அந்த மனிதருக்கு என் மாமாவின் பெயர் நிச்சயம் நினைவிருக்கும்.