கருகிய சரிவில் புல்

அந்த வருஷம் பனி கரைந்த பிறகு ஸ்காபரோவில் மழையே இல்லை. காய்ந்த புல்லில் எவனோ எறிந்த சிகரெட் பற்றிக்கொண்டது. ஜெயரட்ணத்தின் வீட்டுக்குப் பின்னால் ஏறிப்போகும் சரிவு முழுக்கக் கருகிவிட்டது. தீயணைப்புக்காரர் வந்து வீட்டைக் காப்பாற்றினார்கள். மண்ணைப் பிடித்து வைத்திருந்த புல்லை யார் காப்பாற்றுவது? அடுத்து வந்த சின்னத் தூறலுக்கே கரிச்சேறு வழிந்து வீட்டின் நிலத்தடிப் பேஸ்மென்றுக்குள் புகுந்தது. அங்கே வாடகைக்கு இருந்தவள் குணவதி.

ஜெயரட்ணம் இறங்கி வந்து பார்த்தார்.

"தங்கச்சி, இன்னொருக்கா சேறு வந்தா நான் இதைப் பூட்டிப்போடுவன். நீங்கள் வேற இடம் பாருங்கோ."

"கைப்பிள்ளையோட எங்க அண்ணை போறது? விதையை வாங்கித் தாங்கோ. புல்லு நான் முளைக்கப் பண்ணிறன்."

வாங்கித் தந்தார். குணவதி வயல்காரன் மகள். நெல்லுக்குச் செய்வது போலவே புல்விதையையும் ஊறவைத்து, வடித்து, சாக்கால் மூடி வைத்தாள். திறந்தபோது வெள்ளை முளை எட்டிப் பார்த்தது. ஆனால் புல்விதை நெல்லா? மயிர் மாதிரி மெல்லிசு. ஒன்றோடொன்று பின்னிக் கையில் அப்பியது. வீசினால் கட்டி கட்டியாக விழுந்தது. உலரவிட்டால் முளை செத்துப்போகும். மேற்கே வானம் கறுத்து வந்தது.

"உது விதையோ, புட்டுக்குக் குழைச்ச மாவோ?" மேலே நின்று ஜெயரட்ணம் கேட்டார்.

"பேசாமல் நில்லுங்கோ அண்ணை."

மணல் கலந்தால் பிரியும். வாசற்படியில் ஒரு வாளி மணல் இருந்தது. பாதி விதையில் கொட்டிப் பிசைந்த பிறகுதான் விரலில் இருந்த கீறல் எரிந்தது. நாக்கில் தொட்டுப் பார்த்தாள். உப்பு! பனியில் வழுக்காமலிருக்க உப்புக் கலந்து படியில் தூவுகிற மணல் அது. உப்புப் பட்ட முளை பிழைக்காது; பாதி விதை போய்விட்டது.

அழ நேரமில்லை. சரிவிலிருந்தே உலர்ந்த சாம்பல் மண்ணை அள்ளி மிச்ச விதையில் பிசைந்தாள். பிரிந்தது. கதவுக்கு நேரேயுள்ள கீழ்ச்சரிவுக்கு மட்டும்தான் அது காணும்; மேற்சரிவுக்குப் போதாது. குனிந்தபடி வீசி முடித்ததும் மழையின் முதல் துளி விழுந்தது. விதை கழுவுப்பட்டால் எல்லாம் முடிந்தது. வெற்று அரிசிச் சாக்குகளை ஓடி எடுத்துவந்து, விரித்து, கல் வைத்தாள். காற்று ஒன்றைத் தூக்கிப் போக, மற்றது பறக்காமல் அதன்மேல் விழுந்து படுத்தாள்.

"அண்ணை! சாக்குக் காணாது!"

ஜெயரட்ணம் கராஜுக்குள் கிடந்த சாக்குகளை அள்ளிக்கொண்டு சப்பாத்தோடு சேற்றில் இறங்கி விரித்தார். மேற்சரிவுக் கரிச்சேறு வழிந்து வந்து, சாக்கில் முட்டி, தேங்கி நின்றது. கதவடிக்கு வந்தது வெறுந்தண்ணீர்தான்.

மழை ஓய்ந்தது. குணவதி எழும்பவில்லை.

"அப்ப நாங்கள் இருக்கலாமோ?"

அவர் சாக்கின் மேல் இன்னொரு கல்லை வைத்து அழுத்தினார்.

"முளைச்சு வாற புல்லுக்கு ஆராவது தண்ணி விடவேணுமே."