அப்படி யாரும் இங்க இல்லீங்க

பதுளை நகரில் ஓர் இரும்புக் கடையின் மேல்மாடியில்தான் நான் குற்றவியல் நீதி படித்தேன். மேலே விரிவுரை நடக்கும்போது கீழே கம்பி அறுப்பார்கள். எது முக்கியமான வரியோ, சரியாக அந்த வரி வரும்போதுதான் இயந்திரத்தைப் போடுவார்கள். சந்தேகநபரின் உரிமைகள் பற்றிய பாடத்தில் பாதி அந்தச் சத்தத்திலேயே போய்விட்டது.

மடுல்சீமை ரோட்டைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தால் வாயில் நல்ல வார்த்தை வராது. இருட்டோடு தேயிலைத் தோட்டத்தில் இருந்து இறங்கி, பசறை வழியாகக் குலுங்கிக் குலுங்கி வகுப்புக்கு வந்து சேர்ந்தால், அங்கே பாடம் எடுக்கும் சேர் தன் சர்வீஸ் கதையை எடுத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். ஓய்வுபெற்ற பொலிஸ் அதிகாரி. கைரேகை பற்றிக் கேட்டாலும், பிணை பற்றிக் கேட்டாலும், அவர் மாட்டுத் திருடனை வயலில் துரத்திய கதைதான் பதில். அந்த மாட்டின் நிறம்கூட எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கிறது. பிணைச் சட்டம்தான் இல்லை.

ஆனாலும் ஒரு வகுப்பையும் விடவில்லை. உப பொலிஸ் பரிசோதகர் ஆகவேண்டும், அவ்வளவுதான். அடுத்த முறை ஆள் எடுப்பதற்குள் எனக்கு வயது கடந்துவிடும். இந்த முறை தவறினால் அம்மாவோடு கொழுந்து பறிக்க மலைக்கு ஏறவேண்டியதுதான் என்று எனக்கு நன்றாகத் தெரியும்.

ஒரு நாள் சாட்சிகளைப் பேசவைப்பது எப்படி என்று எல்லோரையும் பேசச் சொன்னார் சேர். நான் எழுந்து பெரிய மனுஷி மாதிரி வெளுத்துவாங்கினேன். தோட்டத்து ஜனங்கள் பொலிசுக்கு வாய் திறக்காததற்கு ஒரே காரணம் மொழிதான், தமிழில் மரியாதையாகக் கேட்டுப் பாருங்கள், உள்ளதை உள்ளபடி சொல்வார்கள் என்றேன். சேர் கைதட்டினார். அதிசயமாக அன்றைக்குக் கீழே கம்பியும் அறுக்கவில்லை.

எழுத்துப் பரீட்சையும் நேர்முகமும் முடிந்தன. மிச்சம் இருந்தது ஊர் விசாரணை மட்டும்தான். பொலிசில் இருந்து ஒருவர் தோட்டத்துக்கு வந்து, இந்தப் பெண் இங்கேதான் இருக்கிறாளா, எப்படிப்பட்டவள் என்று அக்கம்பக்கத்தில் கேட்டுவிட்டுப் போவார். பிறந்ததில் இருந்து ஒரே லயத்தில், ஒரே வரிசை வீட்டில் இருக்கிற எனக்கு இதில் என்ன பயம் என்று நான் யாரிடமும் எதுவும் சொல்லி வைக்கவில்லை.

ஒரு நாள் சாயந்தரம் வகுப்பு முடிந்து வந்தால், லயத்தில் எங்கள் அறையை ஒட்டிய அடுத்த காம்பராவில் இருக்கும் பெரியம்மா வாசலிலேயே காத்துக்கொண்டு நின்றார். அம்மாவின் கூடப்பிறந்த அக்கா. முகமெல்லாம் சிரிப்பு.

"புள்ள, ஒன்னையக் காப்பாத்திட்டேன். பொலிஸ் வந்து ஒம்பேரச் சொல்லிக் கேட்டுச்சு. அப்படி யாரும் இங்க இல்லீங்கன்னு சொல்லிப்புட்டேன்."

"பெரியம்மா, அது எனக்கு வேல குடுக்க வந்த பொலிஸ்!"

"வேல குடுக்கவா? அப்ப எதுக்கு ஜீப்புல வருது? நாலு காம்பராவுலயும் கேட்டுச்சு. எல்லாரும் ஒரே மாதிரித்தான் சொன்னோம். கடேசிக் காம்பராக்காரி மட்டும் நீ கொழும்புல கல்யாணம் கட்டிப் போயிட்டேன்னு சொன்னா."

இல்லாத ஒருத்திக்குக் கல்யாணம் வேறு! "தமிழ்ல கேட்டாரா, சிங்களத்துல கேட்டாரா?" என்றேன். எனக்கு அந்த நேரத்திலும் வகுப்பில் நான் அடித்த விரிவுரைதான் முக்கியமாக இருந்தது.

"நல்ல தமிழ்ல, வாங்க போங்கன்னுதான் கேட்டாரு. அதுதான் ரொம்பப் பயமாயிருச்சு. அன்னைக்கு ஒங்க பெரியப்பாவத் தேடி வந்தவங்களும் மரியாதையாத்தான் கேட்டாங்க. உள்ள இருக்காருங்கன்னு நாந்தான் கைய நீட்டிக் காட்டினேன்."

அதற்கு மேல் நான் என்ன கத்துவது? பெரியப்பாவை ஒரு விசாரணைக்கு என்று ஏற்றிக்கொண்டு போனதும், திரும்பி வந்தவருக்கு ஒரு காது கேட்காமல் போனதும் லயத்தில் எல்லோருக்கும் தெரியும். காட்டியது யார் என்பது மட்டும் எனக்குத் தெரியாது. பாவமாக இருந்தது, கோபமும் குறையவில்லை. இரண்டையும் வைத்துக்கொண்டு தூங்காமல் கிடந்தேன்.

மறுநாள் காலையில் பெரியம்மாவை இழுத்துக்கொண்டு பொலிஸ் நிலையத்துக்குப் போனேன். தோட்டத்துச் சங்கத் தலைவர் இல்லாமல் பொலிசுக்குப் போகிற வழக்கம் எங்களிடம் கிடையாது. தலைவரைக் கூட்டிப் போகலாம் என்று பெரியம்மா வழி முழுக்க முனகிக்கொண்டே வந்தார். தலைவர் வந்தால் இது தொழிற்சங்கப் பிரச்சினை ஆகிவிடும் என்று நான் விடவில்லை. விசாரணைக்கு வந்த அதே அதிகாரிதான் மேசையில் இருந்தார். விஷயத்தைச் சொன்னேன். அவர் பெரியம்மா பக்கம் திரும்பி, என்னைக் காட்டி, "அம்மா, இந்தப் பிள்ளைய உங்களுக்குத் தெரியுமா?" என்றார்.

பெரியம்மா என்னைப் பார்த்தார். அவரைப் பார்த்தார். முந்தானையை இறுகப் பிடித்துக்கொண்டார்.

"தெரியாதுங்க ஐயா."

"பெரியம்மா!" என்று நான் போட்ட சத்தத்தில் பக்கத்து அறையில் இருந்து ஒருவர் எட்டிப் பார்த்தார். உடனே பெரியம்மா ஓவென்று அழ ஆரம்பித்துவிட்டார். "நாந்தாங்க ஐயா இவளத் தூக்கி வளத்தேன். ஒன்னும் செஞ்சிராதீங்க. இவ ஒரு தப்பும் பண்ணலீங்க."

அதிகாரி சிரிப்பை அடக்கிக்கொண்டு அவர் உட்கார ஒரு கதிரை போடச் சொன்னார். அழுகையோடு பெரியம்மா சொன்னதை எல்லாம் எழுதி, தமிழிலேயே வாசித்தும் காட்டினார். நற்சான்றிதழ் என்று பார்த்தால், என் வாழ்க்கையில் எனக்குக் கிடைத்ததிலேயே நல்லது அதுதான்.

வேலை கிடைத்தது. பயிற்சி முடித்து, முதல் லீவில் யாருக்கும் சொல்லாமல், அம்மா பார்க்கட்டும் என்று சீருடையோடே லயத்துக்கு வந்தேன். மழை தூறிக்கொண்டிருந்தது, வாசலில் ஒருவரும் இல்லை. எங்கள் காம்பராக் கதவு சாத்தியிருந்தது. உள்ளே ரொட்டி சுடும் வாசம் வந்தது. வாய் திறந்தால் அம்மா குரலை வைத்துக் கண்டுபிடித்துவிடுவார் என்று பேசாமல் கதவைத் தட்டினேன்.

ரொட்டிக் கல்லில் கரண்டி உரசுகிற சத்தம் நின்றது. ஜன்னல் இடுக்கில் ஒரு நிழல் வந்து என் காக்கிக் காற்சட்டையைப் பார்த்துவிட்டு நகர்ந்தது. பிறகு அம்மாவின் குரல், நான் அதுவரை கேட்டிராத ஒரு பணிவோடு வந்தது.

"அப்படி யாரும் இங்க இல்லீங்க ஐயா."

நான் இன்னும் யாரையும் கேட்கவே இல்லை.