சந்தியாகப்பர் வந்தாச்சு

"வில்பிரட் நடுக்கடல்லேர்ந்து போன் போட்டிருக்கான், அந்த ரேடியோக்காரி எடுக்கவே இல்லையாம்" என்று வேம்பார் மீன் ஏலத்தில் யாரோ பேசிக்கொண்டதை மீன்காரி அந்தோணியம்மாள் வந்து சொன்னாள். சொன்ன கையோடு, "நான் நம்பலை, ஏளா" என்றும் சேர்த்துக்கொண்டாள். அந்த ரேடியோக்காரி ஆக்னஸ்தான். எடுக்கவில்லை என்பது நிஜம். எடுக்கக் கூடாது என்பதுதானே ஊர் ஏற்பாடு.

கோயில் வளாகத்து ஓர் அறையில் ஓடும் அந்தச் சமுதாய வானொலியில் ஒன்பது வருஷமாக அவள்தான் குரல். கடலுக்குப் போன படகுகள் தீவைத் தாண்டி இந்தப் பக்கம் வந்தால்தான் சிக்னல் கிடைக்கும். கிடைத்ததும் நிலையத்துக்கு ஒரு மிஸ்டு கால். ஆக்னஸ் எண்ணைப் பார்த்துப் படகின் பெயரைச் சொல்லி, "வந்தாச்சு" என்பாள். அதைக் கேட்டபிறகுதான் வீடுகளில் உலை ஏறும்.

ஐப்பசியில் ஒருநாள் மதியம் இரண்டு மணிக்கு வில்பிரட்டின் படகு 'சந்தியாகப்பர்' எண்ணிலிருந்து மணி அடித்தது. ஒன்று, இரண்டு, மூன்று. வழக்கத்தைவிட நீளம்தான். வில்பிரட் விளையாட்டுக்காரன், வேண்டுமென்றே அடிக்கவிடுகிறான் என்று நினைத்தாள். அதற்குள் நின்றுவிட்டது. "சந்தியாகப்பர், வந்தாச்சு" என்று சொல்லி அடுத்த பாட்டைப் போட்டாள்.

நாலு மணிக்கும் படகு கரைக்கு வரவில்லை. டீசல் தீர்ந்து வேறெங்காவது ஒதுங்கியிருப்பான் என்றார்கள். ரேடியோவில் சொல்லியாச்சே, யார் பதறுவார்? விளக்கு வைத்தபிறகுதான் தேடிப் போனார்கள். காலிக் கேனைக் கட்டிக்கொண்டு மிதந்த ஜெனிஸ் மட்டும் கிடைத்தான். வில்பிரட்டின் மச்சினன்.

"பலகை விட்டுத் தண்ணி ஏறிட்டு அக்கா. போன்ல மேல கிடந்தது உங்க நம்பர்தான். அத்தான் அதைத்தான் அமுக்குனாவ" என்று ஆக்னஸிடம் சொன்னான்.

மூன்றாம் நாள் வில்பிரட் கரை ஒதுங்கினான். கல்லறைத் தோட்டத்தில் அவன் மனைவி விஜிலா ஆக்னஸைப் பார்த்து ஒன்றே ஒன்றுதான் சொன்னாள்: "நீ வந்தாச்சுன்ன. நான் சோத்தை ஆக்கி வச்சுட்டு இருந்தேன்."

அதன்பிறகு குரலைக் கேட்காமல் ஆக்னஸ் எந்தப் பெயரையும் வாசிப்பதில்லை. "ஒரு கையில வலை, ஒரு கையில சுக்கான். ஹலோ சொல்ல மூணாவது கைக்கு எங்கன போவேன், ஏளா?" என்று படகுக்காரர்கள் கேலி பேசினார்கள். இருந்தும் மூன்று வாரம் போனில் குரல் கொடுத்தார்கள். அப்புறம் பழையபடி ஒரு ரிங், கட். அவள் திருப்பி அழைத்தால், "உசுரோடதான் இருக்கேன், வையி" என்று எரிந்து விழுந்தார்கள்.

ஜெனிஸ் மறுபடி கடலுக்குப் போய் இன்றோடு நாலாவது நாள், 'செபமாலை' படகில். மதியம் விஜிலா நிலையத்துக்கு வந்தாள். அடக்கத்துக்குப் பிறகு இதுதான் முதல் தடவை. உள்ளே வராமல் படியில் உட்கார்ந்தாள்.

"தம்பி பேசுனபிறகு வாசி. அதுவரைக்கும் நான் இங்கனயே இருக்கேன்."

ஒன்றரைக்கு 'செபமாலை' எண்ணிலிருந்து ஒரே ஒரு தடவை மணி அடித்தது. ஆக்னஸ் பாய்ந்து எடுப்பதற்குள் நின்றுவிட்டது. திருப்பிப் போட்டாள். முழுசாக அடித்து ஓய்ந்தது. மறுபடி போட்டாள். அதுவும் ஓய்ந்தது. ஒலிபரப்பில் பாட்டு கடைசிச் சரணத்துக்கு வந்திருந்தது.

"யாரு போனு? அவனா?" படியிலிருந்து விஜிலா கேட்டாள். "வாசிக்கப் போறியா?"

ஆக்னஸ் மைக்கை அணைத்தாள். தேடப் போகும் படகுக்கு யாரைக் கூப்பிடுவது என்று யோசித்தபடியே மூன்றாவது தடவையாக அந்த எண்ணை அமுக்கிக் காதில் வைத்தாள். மணி போய்க்கொண்டிருந்தது.