வெந்நீர் ஊற்றிய மண்

முப்பது வருடம் பள்ளிக்கூடத்தில் தாவரவியல் நடத்தியவளுக்கு மண்ணைப் பற்றி யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை என்றுதான் நினைத்திருந்தேன். ஓய்வு பெற்றதும் பெர்ன்ஹில்லில் என் வீட்டுப் பின்புறம் தவிட்டுப்பழக் கன்று வளர்க்க ஆரம்பித்தேன். தின்றால் நாக்கெல்லாம் ஊதாச் சாயம் ஏறும், இந்த மலையின் சொந்தப் பழம். எங்கள் தெருவில் பாதிப் பேர் அதைக் கண்ணால் பார்த்தே வருடக்கணக்காகிறது. விதை தூசி மாதிரி இருக்கும். முளைப்பதற்குள் பொறுமை போய்விடும். எனக்கு அது பிறவியிலேயே கிடையாது. எப்படியோ பன்னிரண்டு கன்று தேறியது.

ஜூன் மழை பிடித்ததும் அவற்றைப் பால் கவருக்கு மாற்றினேன். மண் போதவில்லை. வெள்ளைக்காரர்கள் விறகுக்காகக் கொண்டுவந்து நட்ட சீகை மரங்களை வெட்டிய சரிவிலிருந்து இரண்டு மூட்டை அள்ளிவந்து, களை விதையெல்லாம் சாகட்டும் என்று கொதிக்கக் கொதிக்க வெந்நீர் ஊற்றி ஆறவைத்தேன். அந்த ஞாயிறே, பூசை முடிந்து வந்தவர்களுக்கு மாதா கோயில் வாசலில் நின்று ஆளுக்கொரு கன்று கொடுத்தேன். சாமியார் முடித்த இடத்திலிருந்து, "வெளிநாட்டு மரமா நட்டு நட்டுத்தான் மலை பாழாப் போச்சுங்க" என்று நான் ஒரு பிரசங்கம் வைத்தேன்.

கடைசிக் கன்றை வாங்கியவர் பக்கத்துத் தெரு அக்கா. எஸ்டேட் வேலையில் ரிட்டயர் ஆனவர். போன வருடம்தான் கணவரைப் பறிகொடுத்திருந்தார்.

"அவருக்கு இந்தப் பழம்னா உசுருங்க டீச்சர். கல்லறையில வெக்கறேனுங்க" என்றார்.

நவம்பரில் ஒரு வீட்டில் கூப்பிட்டுக் காட்டினார்கள். என் கன்றை ஒட்டி, அதைவிட நாலு மடங்கு உயரத்தில் சீகை. அடுத்த வீட்டிலும் அதே கதை. சீகை விதையின் தோல் கல் மாதிரி. மண்ணுக்குள் வருடக்கணக்கில் தூங்கும், நெருப்போ வெந்நீரோ பட்டால் எழுந்துகொள்ளும். இதைக் கரும்பலகையில் எழுதிப்போட்டுச் சொல்லிக்கொடுத்தவள் நான். படித்தவன் பாட்டைக் கெடுத்தான் என்பது எனக்கென்றே சொன்னது.

வீடு வீடாகப் போய் மன்னிப்புக் கேட்டுச் சீகையைப் பிடுங்கிப் போட்டேன். பதினோரு வீடு. கல்லறைக்கு மட்டும் போகவில்லை. உங்கள் வீட்டுக்காரர் தலைமாட்டில் நீங்கள் தண்ணீர் ஊற்றி வளர்ப்பது விறகு மரம் என்று எந்த வாயால் சொல்வது? பூசையில்கூட அவர் கண்ணில் படாமல் பின் பெஞ்சுக்கு மாறிக்கொண்டேன்.

ஜனவரியில் உறைபனி கொட்டியது. பதினோரு கன்றும் கருகிப்போயின.

பிப்ரவரியில், இனியும் ஒளிந்தால் அசிங்கம் என்று கத்தியை எடுத்துக்கொண்டு கல்லறைத் தோட்டத்துக்குப் போனேன். அக்கா அங்கேதான் இருந்தார். தலைமாட்டில் இடுப்பளவுக்குச் சீகை நின்றது.

"அக்கா, நான் குடுத்த மண்ணுல..." என்று ஆரம்பித்தேன். அழுகை முந்திக்கொண்டது.

"சீகைதானுங்களே? முளைச்சப்பவே தெரியுமுங்க. எஸ்டேட்டுல களை புடுங்கியே தேஞ்ச கைங்க இது."

"அப்புறம் ஏன் விட்டு வெச்சீங்க?"

குனிந்து கிளையை விலக்கினார். உள்ளே ஒரு சாண் உயரத்தில் தவிட்டுக் கன்று பச்சையாக நின்றது.

"பனிக்கு ஒரு மறைப்பு வேணுமில்லீங்களா? எளந்தேயிலைக்கு நெழல் விடறாப்பல விட்டு வெச்சேனுங்க. பனி முடிஞ்சிருச்சு, இனி வேண்டாமுங்க."

என் கத்தியை வாங்கி, கன்றின் வேர் அசையாமல் சீகையைத் தரையை ஒட்டி அறுத்தார்.

"மத்ததெல்லாம் கருகிப் போச்சுங்க அக்கா" என்றேன்.

"தெரியுமுங்க. நீங்க புடுங்கிட்டீங்கன்னு அப்பவே கேள்விப்பட்டேன். தழையாச்சும் போட்டு மூடுங்கன்னு சொல்றதுக்கு மூணு ஞாயித்துக்கெழம உங்களத் தேடுனேனுங்க. நீங்கதான் என்னையக் கண்டா பின் பெஞ்சுக்கு ஓடிட்டீங்களே."